வள்ளியம்மைக்கு எந்த ‘ள’?

கும்பகோணத்தில் சித்தப்பாவுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. பெரிய கடை இல்லை. முன்னால் எவர்சில்வர், உள்ளே பித்தளை, பரணில் அண்டாக்கள். வாசலோரம் ஒரு ஸ்டூலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார், கையில் பேனா மாதிரி ஒரு மெஷின். முகூர்த்த நாள் நெருங்கிவிட்டால் அந்த ட்ர்ர்ர் சத்தம் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

போன ஆவணியில் ஒரு சீர்வரிசை ஆர்டர். பெண்ணின் பெயர் வள்ளியம்மை. போனில் சொன்னார்கள், கடைப் பையன் சீட்டில் எழுதினான், அவர் வெட்டினார். பித்தளைத் தாம்பாளத்தில் ‘வல்லியம்மை’ என்று அழகாக ஏறிவிட்டது. பித்தளையில் வெட்டியதை அழிக்க முடியாது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகப் பளபளவென்று நின்று நடந்த கதையை இன்னும் சத்தமாகச் சொல்லும். சித்தப்பா வேறு தாம்பாளம் கொடுத்தார். தப்பாக வெட்டியது பரணில் இருக்கிறது. “வல்லியம்மைன்னு ஒரு பொண்ணு வராமலா போயிடும்” என்கிறார்.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பிடித்துக்கொண்டார். “தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே. பையன் அடிக்க அடிக்க, எதிர்ல நிக்கிறவங்க பெரிய எழுத்துல பாக்குற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன். பாத்து சரின்னு சொன்னாத்தான் வெட்டுறது.”

அவ்வளவுதான் கேட்டார். ஒரு பெட்டி, அதில் அடிப்பது வேறொரு இடத்தில் தெரிய வேண்டும். உலகத்திலேயே எளிய ப்ரோக்ராம் இது, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். லீவு மூன்று நாளும் அதிலேயே போனது. அந்த மூன்று நாளில் எங்கெங்கே வழுக்கினேன் என்பதுதான் இந்தப் பதிவு. ப்ரோக்ராம் வரிகளை இங்கே ஒட்டவில்லை, வார்த்தையிலேயே சொல்கிறேன். பைத்தான் மொழியில் ஜன்னலும் பட்டனும் போட உதவும் டிகின்டரை ஒரு தடவையாவது தொட்டவர்களுக்குப் புரியும், தொடாதவர்களுக்கும் பாதிக்கு மேல் புரியும்.

கடையில் இருப்பது பில் போடுகிற பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். நான் பைத்தான் போட்டேன், அதோடு டிகின்டர் கூடவே வந்துவிடும், தனியாக எதுவும் இறக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்காது, சாம்பல் கலரில் அரசாங்க ஆபீஸ் மேஜை மாதிரி இருக்கும். ஆனால் பாத்திரக்கடைக்கு அழகு எதற்கு?

2003-ல் கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக் 6 படித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: ஃபார்மில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போடு, ஒரு பட்டன் போடு, ஒரு லேபிள் போடு, பட்டனை டபுள் கிளிக் செய், லேபிளின் கேப்ஷனுக்கு டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதைக் கொடு. ஒரே வரி. ஓட்டிப் பார்த்து, நம் பெயர் லேபிளில் வந்ததும் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்குத்தான் அந்த ஃபீஸ். அதே ஞாபகத்தில் இங்கேயும் மூன்றையும் போட்டேன்: அடிக்க என்ட்ரி, அமுக்க பட்டன், காட்ட லேபிள்.

முதல் கோளாறு, நான் பட்டனை அமுக்குவதற்கு முன்பே ஃபங்ஷன் (பட்டன் செய்ய வேண்டிய வேலையை எழுதி வைத்த துண்டு) ஓடிவிட்டது, அமுக்கினால் எதுவும் நடக்கவில்லை. பட்டனுக்கு ‘உன்னை அமுக்கினால் இதைச் செய்’ என்று ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது பெயர் இல்லை, அங்கேயே கூப்பிடுவது. பந்தியில் கூப்பிடும்போது வாங்க என்று சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பதற்கும் இப்போதே எழுந்து வாங்க என்று கையைப் பிடித்து இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு இருந்தும் இதைச் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது, பெட்டியில் இருப்பதைக் கேட்டால் ‘நன்டைப் ஆப்ஜெக்டுக்கு கெட் கிடையாது’ என்று சிவப்பில் திட்டியது. என்ட்ரியை உருவாக்கி, அதே வரியில் பேக் செய்து, அந்த மொத்தத்தையும் ஒரு பெயரில் போட்டு வைத்திருந்தேன். பேக் என்பது பெட்டியைத் திரையில் உட்கார வைக்கும் வேலை, அது திருப்பிக் கொடுப்பது ஒன்றுமில்லை. ஆக என் பெயரில் இருந்தது பெட்டி இல்லை, வெறும் சூன்யம். இரண்டு வரியாகப் பிரித்ததும் சரியாயிற்று.

மூன்றாவதுதான் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பட்டனை அமுக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு லேபிளை உருவாக்கி ஒட்டியிருந்தேன். முதல் தடவை வள்ளியம்மை. இரண்டாம் தடவை அதற்குக் கீழே மீனாட்சி. மூன்றாம் தடவை அதற்கும் கீழே திருநாவுக்கரசு. ஜன்னல் நீண்டுகொண்டே போய் கல்யாண மொய் நோட்டு மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்ல வந்தது ‘இருக்கிற பலகையில் எழுத்தை மாற்று’ என்று, சொன்னது ‘இன்னொரு பலகை மாட்டு’ என்று. லேபிளை ஒரே ஒரு தடவை உருவாக்கிவிட்டு, பிறகு கான்ஃபிக் என்று அதனிடமே சொல்லி உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

முதல் நாள் சாயங்காலத்துக்குள் இது மூன்றும் சரி. சித்தப்பாவிடம் காட்டினேன். பையன் பெயரை அடித்தான், மவுஸைத் தேடினான், பட்டனை அமுக்கினான், எதிரில் வந்தது. சித்தப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இதுக்கு எதுக்கு ஒரு பட்டன்? எக்செல்ல ஒரு கட்டத்துல மாத்தினா கீழ டோட்டல் தானா மாறுதே. நான் எதையாவது அமுக்கிக்கிட்டா இருக்கேன்?”

அவர் கேட்டது நியாயம். 1979-ல் டான் ப்ரிக்ளினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் எக்செலுக்கு முன்னோடியான விசிகால்க்கைக் கொண்டுவந்ததிலிருந்து கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது பழகிப்போன விஷயம்: ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்தது தானே மாறும். நாம்தான் பட்டன் வைத்துப் பழகிவிட்டோம்.

பட்டனை எடுத்தேன். அடிக்க அடிக்கத் தெரிய வேண்டும் என்றால் ஒவ்வொரு கீயையும் கவனிக்க வேண்டும். பெட்டியோடு கீ அமுக்கும் நிகழ்வை பைண்ட் செய்து, அதாவது சேர்த்துக் கட்டி, அமுக்கியதும் பெட்டியில் இருப்பதை எடுத்து லேபிளில் போடு என்று எழுதினேன். ஓடியது. ஆனால் எப்போதும் ஒரு கீ பின்னாலேயே வந்தது. பெட்டியில் ‘வள்ளி’, எதிரில் ‘வள்ள’. பெட்டியில் ‘மீனாட்சி’, எதிரில் ‘மீனாட்ச’. பேச்சு முந்தி வாய் பிந்தும் டப்பிங் படம் மாதிரி.

காரணம் தெரிந்தபோது எரிச்சல் போய் ஒரு மரியாதையே வந்தது. ஒரு கீயை அமுக்கினால், டிகின்டருக்கு உள்ளே இருந்து வேலை செய்யும் டிகே அந்தச் செய்தியை வரிசையாகச் சிலரிடம் கொண்டுபோகிறது. முதலில் அந்தக் குறிப்பிட்ட பெட்டிக்கென்று நாம் எழுதியது. அடுத்து என்ட்ரி வகைக்கே பொதுவாக உள்ளது. அப்புறம் ஜன்னல், கடைசியில் எல்லோருக்குமானது. எழுத்தைப் பெட்டிக்குள் உண்மையில் போடுகிறவர் இரண்டாவது ஆள். நான் எழுதிய ஃபங்ஷன் முதல் ஆள். அதாவது எழுத்து உள்ளே போவதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டு இதுதான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. அப்படி முதலில் கூப்பிடுவது தப்பும் இல்லை, ‘இந்த எழுத்தை உள்ளே விடாதே’ என்று தடுக்க நினைப்பவர்களுக்கு அந்த வரிசைதான் வேண்டும்.

எல்லோரும் செய்வது போல நானும் கீ அமுக்கும் நிகழ்வை விட்டுவிட்டு கீயை விடும் நிகழ்வுக்கு மாற்றினேன். விரலை எடுப்பதற்குள் எழுத்து உள்ளே போயிருக்கும். சரியாக வந்தது. இரண்டாம் நாள் காலை பையன் ஒரு நீளப் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு பேக்ஸ்பேஸை அமுக்கிப் பிடித்தான். பெட்டியில் எழுத்தெல்லாம் சரசரவென்று போகிறது, எதிரில் இருக்கும் லேபிளோ பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. விரலை எடுத்த பிறகுதான் அதற்கு உறைத்தது. எடுக்காத விரலுக்கு ‘எடுத்தேன்’ என்ற செய்தி எப்படி வரும்?

இங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டியது பெயரை. கீ, மவுஸ், பேஸ்ட் என்று பெயர் மாற ஆயிரம் வழி இருக்கலாம், எனக்கு வேண்டியது பெயர் மாறியதா இல்லையா என்பது மட்டும்தான்.

டிகின்டரில் அதற்கு ஸ்ட்ரிங்வார் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சின்னச் சம்புடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு சொல் இருக்கும். பெட்டியிடம் ‘உன் எழுத்து இந்தச் சம்புடத்தில் இருக்கிறது’ என்று சொல்லலாம். லேபிளிடமும் அதே சம்புடத்தைக் காட்டி ‘இதில் இருப்பதைக் காட்டு’ என்று சொல்லலாம். முடிந்தது. நாம் ஒரு ஃபங்ஷன்கூட எழுத வேண்டியதில்லை. பெட்டியில் அடித்தால் சம்புடம் மாறும், சம்புடம் மாறினால் லேபிள் மாறும். முந்தைய நாள் எழுதிய இருபது வரியை அழித்தேன். கோடு எழுதுவதைவிட அழிப்பதில் எனக்கு எப்போதும் சந்தோஷம் அதிகம்.

இந்தச் சம்புடத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பைத்தானில் சாதாரண மாறிகள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்கள்) இப்படி கெட், செட் என்று பேசாதே, இது மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று தோன்றும். ஏனென்றால் அது பைத்தானின் சொத்தே இல்லை. டிகின்டர் என்பது டிகே என்ற பழைய கருவிக்குப் பைத்தான் போட்டிருக்கும் சட்டை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹௌட் 1988-ல் டிசிஎல் என்ற சின்ன மொழியைச் செய்தார், சிப் வடிவமைக்கும் கருவிகளுக்கெல்லாம் தனித்தனியாக ஒரு கட்டளை மொழி எழுதி அலுத்துப்போய். அதன் மேல் அவர் கட்டியதுதான் ஜன்னலும் பட்டனும் வரையும் டிகே. அந்த வேலைக்கு 1997-ல் ஏசிஎம் என்ற கணினித் துறை அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது. டிசிஎல்லில் ஒரு மாறியைக் கண்காணிக்கச் சொல்லி ஆள் வைக்கலாம், அதன் மதிப்பு மாறினால் அந்த ஆள் வந்து சொல்வான். ஸ்ட்ரிங்வார் என்று நாம் கூப்பிடுவது உள்ளே இருக்கும் அந்த டிசிஎல் மாறியைத்தான்.

சரி, பெயர் தெரிகிறது. அப்போதுதான் சித்தப்பா அடுத்ததை எடுத்தார். “எழுத்துக்கு மூணு ரூபா. எத்தனை எழுத்துன்னு கீழயே காட்டிட்டா நல்லாருக்கும்ல.”

சம்புடம் மாறும்போதெல்லாம் ஒரு ஃபங்ஷனை ஓட்ட ட்ரேஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. பெயரை எண்ணி மூன்றால் பெருக்கி இன்னொரு லேபிளில் போடு. அடித்துப் பார்த்தோம். எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. கோட்டில் தப்பே இல்லை, ஆனால் சம்புடத்தை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கிவிட்டு வெளியே எந்தப் பெயரிலும் பிடித்து வைக்காமல் விட்டிருந்தேன். அந்த ஃபங்ஷன் முடிந்ததும், இதை யாரும் வைத்துக்கொள்ளவில்லையே என்று பைத்தான் குப்பையில் கூட்டித் தள்ளிவிட்டது, கூடவே ட்ரேஸும் போயிற்று. ஒரு எரர் கிடையாது, ஒரு எச்சரிக்கை கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போனது, சித்தி போட்ட சாப்பாடு ஆறிப்போனது. ஜன்னல் இருக்கும் வரை கூடவே இருக்கும்படி கிளாஸுக்குள் ‘செல்ஃப்’ என்ற பெயரோடு சேர்த்துக் கட்டி வைத்த பிறகுதான் சம்புடம் நிலைத்தது.

இப்போது எண்ணிக்கை வந்தது. வள்ளியம்மை, பத்து எழுத்து, முப்பது ரூபாய்.

சித்தப்பா விரலை மடக்கினார். “வ, ள், ளி, ய, ம், மை. ஆறு. பதினெட்டு ரூபா. உன் கம்ப்யூட்டர் என்னடா கொள்ளையடிக்குது?”

இது தமிழில் ப்ரோக்ராம் எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை கடக்கும் இடம். எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் ‘ளி’ என்பது ஒரு எழுத்து இல்லை, ள ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. ‘ள்’ என்றால் ள ஒன்று, புள்ளி ஒன்று. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் லென் இந்தத் துண்டுகளை எண்ணுகிறதே தவிர நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணிய எழுத்தை இல்லை. திருநாவுக்கரசுக்கு எட்டு எழுத்து, லென் சொல்வது பதினான்கு. பெயர் நீளமானவர்களிடம் பாதிக்குப் பாதி கூடுதலாக வாங்கியிருப்போம்.

பைத்தானிலேயே யூனிகோட்டேட்டா என்று ஒரு தொகுப்பு உண்டு, அதில் ஒவ்வொரு குறியும் எப்படிப்பட்டது என்று கேட்கலாம். கம்பைனிங் என்ற பெயரைப் பார்த்ததும் இதுதான், ஒட்டிக்கொள்ளும் குறிகளை இது பிரித்துக் கொடுக்கும் என்று எடுத்தேன். வள்ளியம்மைக்கு எட்டு வந்தது. பத்தும் இல்லை, ஆறும் இல்லை. நோண்டிப் பார்த்தால் அது புள்ளியை மட்டும்தான் ஒட்டும் குறியாகச் சொல்கிறது, கொக்கியையும் காலையும் கொம்பையும் கேட்டால் பூஜ்யம் என்கிறது. அந்த எண் வேறு காரியத்துக்கு, குறிகளை வரிசைப்படுத்துவதற்கு. நமக்கு வேண்டியது கேட்டகரி. அதில் உயிர்மெய்க் குறிகள், புள்ளி எல்லாமே எம் என்ற எழுத்தில் தொடங்கும் வகையில் வரும், முழு எழுத்துகள் எல் வகையில் வரும், எண்கள் என் வகையில் வரும். ‘எல்’, ‘என்’ இரண்டு வகையையும் மட்டும் எண்ணு என்றேன். ஆறு. பதினெட்டு ரூபாய். ஃ-உம் முழு எழுத்தாகவே வந்தது, இனிஷியலுக்குப் பின்னால் வைக்கும் புள்ளியும் இடைவெளியும் கணக்கில் வரவில்லை, அதற்குக் காசு வாங்குவதில்லை என்று சித்தப்பாவும் சொன்னார்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. லக்ஷ்மி வந்தாள். நிரல் நான்கு என்றது, சித்தப்பா மூன்று என்றார், ஏனென்றால் க்ஷ அவருக்கு ஒரே எழுத்து, வெட்டுகிறவருக்கும் ஒரே வீச்சு. ஸ்ரீ இன்னும் மோசம், கண்ணுக்கு ஒன்று, உள்ளே ஸ், ரீ என்று இரண்டு. அப்புறம் ஔவை. யாரோ ஔ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒ, ள என்று இரண்டாக அடித்துப் பழகியிருந்தார்கள், பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், கணக்கில் ஒரு எழுத்து கூடும். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனியாகக் கழித்துவிட்டேன். ஔ விஷயத்தை அப்படியே விட்டுவிட்டேன். வருஷத்துக்கு எத்தனை ஔவையார் பாத்திரம் வாங்குவார்கள்?

மூன்றாம் நாள் எதிர்ப்பக்கத் திரை. பழைய மானிட்டர் ஒன்றைச் சித்தப்பா எங்கிருந்தோ கொண்டுவந்தார். பையன் பக்கம் அடிக்கும் ஜன்னல், வாடிக்கையாளர் பக்கம் பெயர் மட்டும் பெரிதாக. இரண்டாவது ஜன்னல் வேண்டும் என்று எண்ணி, முதல் ஜன்னலை உருவாக்கியது போலவே இன்னொரு டிகேயை உருவாக்கினேன். ஜன்னல் வந்தது, பெயர் வரவில்லை. ஒவ்வொரு டிகேயும் தனிக் குடித்தனம், ஒரு வீட்டுச் சம்புடம் அடுத்த வீட்டுக்குத் தெரியாது. இரண்டாவது ஜன்னலுக்கு டாப்லெவல் என்று வேறு ஒன்று இருக்கிறது, அது அதே குடும்பத்தில் பிறக்கும். மாற்றியதும் ஒரே சம்புடத்தைப் பார்த்து இரண்டு லேபிளும் ஒன்றாக அசைந்தன. ஜன்னலை இரண்டாவது மானிட்டருக்குத் தள்ள, முதல் மானிட்டரின் அகலம் 1366 புள்ளி, அதைத் தாண்டி வை என்று இடம் சொன்னால் போதும்.

எழுத்து நீள நீள ஜன்னலும் ஊதிக்கொண்டே போனது. டிகே லேபிளின் குணம் அது, உள்ளே இருப்பதற்கு ஏற்ப விரியும். ஜன்னல் அளவைப் பூட்டிவிட்டு, பெயரின் அகலத்தை அளந்து பார்த்து, இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கு என்று அதே ட்ரேஸில் சேர்த்தேன்.

இதற்கு நடுவில் என் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். என்னுடையது லினக்ஸ். ரேவதியின் கொம்பு ர-வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் கொம்பை மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கிறோம், அதை முன்னால் கொண்டுவந்து வரைவது காட்டுகிற இயந்திரத்தின் வேலை. விண்டோஸில் அந்த வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில் டிகே 8.6 எழுத்து வரைய நம்பியிருக்கும் எக்ஸ்எஃப்டிக்கு அது தெரியாது, வந்த வரிசையிலேயே ஒட்டிவிடும். நல்லவேளை கடையில் விண்டோஸ். இல்லையென்றால் பெயர் சரியா என்று பார்க்க வைத்த திரையே கொம்பை மாற்றிக் காட்டி மானத்தை வாங்கியிருக்கும்.

கடைசியாக ஒரு ஆசை, என் ஆசைதான், சித்தப்பா கேட்கவில்லை. பெயர் உறுதியானதும் ‘சரிபார்த்துவிட்டீர்களா?’ என்று மூன்று தடவை மின்ன வேண்டும். காட்டு, ஒரு விநாடி தூங்கு, மறை, தூங்கு, காட்டு என்று ஸ்லீப் போட்டு எழுதினேன். மின்னவில்லை. ஐந்தாறு விநாடி ஜன்னலே உறைந்து, தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று விண்டோஸ் சொல்லிவிட்டு, கடைசி நிலையை மட்டும் காட்டியது.

இதைப் பையனுக்கு விளக்கியபோது கடையே உதாரணமாக அமைந்தது. கல்லாவில் ஒரே ஆள். அவரேதான் பில் போட வேண்டும், போன் எடுக்க வேண்டும், விலைப் பலகையை மாற்றி எழுத வேண்டும். டிகின்டரில் கீ, மவுஸ், திரை எல்லாவற்றையும் ஓயாமல் கவனிக்கும் மெயின்லூப் என்பது அந்த ஆள். என் ஃபங்ஷனுக்குள் ஸ்லீப் போட்டால் அவரைக் குடோனுக்கு அனுப்பி அங்கேயே உட்கார வைத்த மாதிரி. பலகையில் மாற்றி எழுதச் சொல்லி நான் மூன்று தடவை சொன்னதெல்லாம் சீட்டில் காத்திருக்கிறது, அவர் திரும்பி வந்ததும் கடைசிச் சீட்டை மட்டும் பார்த்து எழுதுகிறார். ஸ்லீப்புக்குப் பதில் ஆஃப்டர் என்றால் ‘ஐந்நூறு மில்லிவிநாடி கழித்து இதைச் செய்’ என்று கல்லாவில் சொல்லிவிட்டு வருவது. அவர் இடத்தைவிட்டு எழுவதே இல்லை. மாற்றினேன், மின்னியது. சித்தப்பா பார்த்துவிட்டு “எதுக்கு கண்ணைக் கூசுற மாதிரி” என்றார். எடுத்துவிட்டேன்.

நான் சென்னைக்குத் திரும்பிய மறுவாரம் போன் செய்தார். எல்லாம் நன்றாக ஓடுகிறதாம். தமிழ்99 விசைப்பலகையில் பையன் ள-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ள-வில் புள்ளி தானாக விழுவதைப் பார்க்க ஆட்கள் நிற்கிறார்களாம். ஒரு பாட்டி தன் பேத்தியின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வளர்வதைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அழித்து அடி என்று கேட்டாராம்.

மார்கழி கழிந்து, தைக்கு முகூர்த்தம் தொடங்கியதும் மறுபடி போன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

“தம்பி, குடத்துல தப்பாயிடுச்சு.”

“எப்படி சித்தப்பா? ஸ்க்ரீன்ல சரியா இல்லையா?”

“ஸ்க்ரீன்ல சரியாத்தான் இருந்துச்சு. அவங்களும் பாத்து சரின்னுட்டாங்க. பையன் அதைப் பாத்து சீட்டுல எழுதி வாசல்ல குடுத்திருக்கான். சீட்டுல தப்பு.”

வெட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலிலிருந்து திரை தெரியாது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பெயர் ஒரே சம்புடத்தில் இருக்கட்டும், மற்ற எல்லாம் அதைப் பார்த்து மாறட்டும் என்று கட்டியிருக்கிறேன், வாசலுக்குப் போகிற கடைசி பத்தடிக்குக் கையால் பார்த்தெழுதும் பையனை விட்டுவிட்டேன். இப்போது பில் பிரிண்டரிலேயே பெயர் பெரிய எழுத்தில் ஒரு சீட்டாக வருகிறது, அதே ஸ்ட்ரிங்வாரிலிருந்து. ஊருக்குப் போகாமல் போனிலேயே பையனுக்குச் சொல்லிச் செய்த வேலை, அதில் பட்ட பாடு தனிக் கதை.

அந்தக் குடமும் பரணுக்குப் போய்விட்டது, வல்லியம்மை தாம்பாளத்துக்குப் பக்கத்தில்.